சைக்கிளோட்டக் கழகம், மட்டக்களப்பு: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், ஞாயிற்றுக்கிழமை நித்திரையைப் பறிகொடுத்து வரும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில், இந்த வருடம் மலை ஏறுவது என்று தீர்மானித்தோம். கல்லடிப் பாலத்தின் ஏற்றத்தையே மேடு என்று சொல்லி மூச்சு வாங்குகிற ஊர்க்காரர் நாம். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பிறகு ஒரு ஓட்டத்துக்கும் வரவில்லை. சரி, அது போகட்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதாந்தக் கூட்டங்கள் நடந்தன. நான் சொல்ல வந்தது வீதிகளைப் பற்றி.

வழக்கமான ஞாயிறு ஓட்டம் வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம்தான். பழைய கல்லடிப் பாலத்தில் கூடி, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலை, அங்கிருந்து தாந்தாமலை. 2014இல் பாலம் வருவதற்கு முன் சைக்கிளைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றிக் காத்துக்கிடந்ததைப் பழைய அங்கத்தவர்கள் இன்னும் கதைக்கிறார்கள். இரண்டு பக்கமும் வயல், இடைக்கிடை கரும்பாறை, மேடு என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் நமக்கு மலையேற்றம் கற்றுத்தந்தது இந்த வழிதான். காரணம் கச்சான் காற்று.

தென்மேல் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. ஆனி, ஆடியில் பத்து மணிக்குப் பிறகு கொக்கட்டிச்சோலையைப் பார்த்து மிதித்தவருக்கு அதன் எடை தெரியும். அதனால் அந்த மாதங்களில் ஒரு ஒழுங்கு வைத்தோம்: விடியற்காலையில் காற்று எழும்பு முன் மேற்கே போய்விடுவது, வெயில் ஏறியதும் கச்சானை முதுகில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது. பயிற்சி வேண்டும் என்றவர்கள் மட்டும் பத்து மணிக்குப் புறப்பட்டார்கள். அவர்கள்தான் பிறகு மலையில் பிழைத்தவர்கள்.

மலைக்கு நமக்கு வாய்த்த வாசல் செங்கலடி. கறுத்தப்பாலம், கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா என்று போகிற பதுளை வீதியில் நிலம் மெல்ல மெல்ல உயர்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். புல்லுமலைக்கு அப்பால் காடு. ஒரு நாள் காலை வீதியின் குறுக்கே முறித்துப் போட்ட கிளையும் இன்னும் ஆவி பறக்கிற யானை லத்தியும் கிடந்தன. பின்னால் வந்த லொறிக்காரர், "தம்பிமார், முன்னுக்குப் போகாதீங்க, எனக்குப் பின்னால வாங்க" என்று இரண்டு கிலோமீற்றர் ஊர்ந்து கூட்டிப்போனார். அவருக்கு நன்றி சொல்லக்கூடப் பெயர் கேட்கவில்லை. அன்றிலிருந்து நன்றாக விடிந்த பிறகுதான் கரடியனாற்றைத் தாண்டுவது, யானையைக் கண்டால் பெல் அடிப்பதில்லை.

மகா ஓயா வெந்நீர்க் கிணறுகள் களைப்புக்கு நல்ல மருந்து. ஒரு கிணற்றில் கை வைக்க முடியாது, பக்கத்துக் கிணற்றில் குளிக்கலாம். நமது இளைஞர் ஒருவர் முதலில் கை வைக்க முடியாததில் வாளியை விட்டார்.

அப்புறம் பதினெட்டு வளைவு. பதியத்தலாவ, மகியங்கனை வழியாகப் போய், ஹசலகவுக்கு மேலே தொடங்குகிற ஏற்றம். வீதியை அகலித்த பிறகு வளைவு பதினேழுதான் என்கிறார்கள், பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. கியர் உள்ளவர்கள் வளைவுக்கு வளைவு படம் எடுத்தார்கள். கியர் இல்லாத லுமாலா சைக்கிளில் வந்த அண்ணன் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்து, எல்லோருக்கும் முன்னால் தேநீர்க் கடையில் இருந்தார்.

ஏற்றத்துக்கு மூன்று மாதம் பயிற்சி செய்த நாம் இறக்கத்துக்கு ஒரு மணித்தியாலமும் செய்யவில்லை. சமதரையான ஊரில் அதற்கு வழியும் இல்லை. பயத்தில் பிறேக்கை மேலிருந்தே அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ரிம் கொதித்தது. பின்சில்லு ரியூபில் மூன்று ஒட்டு. சூட்டில் பசை இளகி ஒரு ஒட்டு கழன்று, நடு வளைவு ஒன்றில் வெடித்தது. விழவில்லை. மண்மேட்டில் சாய்ந்து நின்றேன். என்ன நடந்தது என்று பார்க்க ரிம்மைத் தொட்டதில் இரண்டு விரல் கொப்பளித்ததுதான் காயம். செயலாளரே இந்தக் கூத்து ஆடியதால் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் உரிமை எனக்குக் கிடைத்திருக்கிறது: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிறேக்கிலிருந்து விரலை எடுங்கள், இரண்டு பிறேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், நடுவில் ஒருமுறை நின்று சில்லை ஆறவிடுங்கள். ஒட்டுப் போட்ட ரியூபோடு மலைக்கு வருபவரை இனி வான் வண்டியில் ஏற்றிவிடுவோம்.

இங்கினியாகலை ஓட்டம் சுகமாக முடிந்தது. சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டுப் பக்கம் கொஞ்சம் ஏற்றம், நிறையக் காற்று. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

குடும்பிமலை கைகூடவில்லை. 534 மீற்றர்தான், நமக்கு மிக அருகில் உள்ள மலை. ஆனால் கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறினால் சைக்கிள் இல்லை, தோணிதான். நாம் திகதி குறித்ததோ கார்த்திகையில், அதாவது நவம்பரில். அந்த மாதக் கடைசியில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரசா மாணவர்களைப் பறிகொடுத்த பிறகு, வீதிக்கு மேல் தண்ணீர் ஓடினால், முழங்கால் அளவு என்றாலும், கழகத்தின் பெயரில் யாரும் இறங்கக் கூடாது என்று நிர்வாக சபை முடிவு செய்தது. இதில் விவாதம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டு குடும்பிமலையைப் பங்குனிக்கு மாற்றியிருக்கிறோம். பிபிலையிலிருந்து லுணுகலைக்கு ஏறும் ஓட்டத்தை ஆவணிக்கு வைக்கலாமா என்பதை இன்று சபை சொல்லட்டும். வான் கூலி ஏறியிருக்கிறது, அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கழகப் பெட்டியில் மூன்று சோடி பிறேக் கட்டை இருந்தது, இப்போது இரண்டுதான் இருக்கிறது. எடுத்தவர் தேநீர் இடைவேளைக்குள் திருப்பி வைத்தால் கூட்டக் குறிப்பில் பெயர் வராது.

செயலாளர்