காற்று என்று சொல்லிவிட்டேன்

மெக்சிகோ நகரம்,
ஜனவரி 18

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்காலுக்கு எண்ணெய்க்கட்டுப் போட்டுக்கொண்டு திண்ணையில் கிடப்பதாக எழுதியிருந்தாய். இப்போது எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. மலைக்குப் போய் வந்ததைப் பற்றி இங்கே அலுவலகத்தில் எல்லோரிடமும் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டிலும் அதே கதைதான். உனக்கும் அதையே எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் இவனுக்கு எரிமலை கேட்கிறதா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. இந்த ஊரே 2,240 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, நம் ஊட்டியும் அதே உயரம். இரண்டு கோடிப் பேர் ஊட்டி உயரத்தில் புகைக்கு நடுவே வாழ்வதாக நினைத்துக்கொள். மழை பெய்து புகை அடங்கிய காலைகளில் அலுவலக ஜன்னலிலிருந்து தென்கிழக்கே இரண்டு வெள்ளைத் தலைகள் தெரியும். ஒன்று போபோகாதெபெத்ல். இங்கத்துப் பழங்குடிகளின் நாவாத்ல் மொழியில் 'புகையும் மலை' என்று பொருள், பெயருக்கு ஏற்றபடி புகைந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருப்பது இஸ்தாக்சிவாத்ல், 'வெள்ளைப் பெண்'. ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பதுபோலவே இருக்கும். மூன்று வருடம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் புத்தி பிசகும்.

போபோவில் ஏற முடியாது. 1994 டிசம்பரில் விழித்துக்கொண்டது, அன்றிலிருந்து தடை. 1996இல் தடையை மீறி ஏறிய ஐந்து பேர் வெடிப்பில் இறந்துபோனார்கள். அடிவார ஊர்க்காரர்கள் அதை மலையாகவே பேசுவதில்லை. 'தோன் கோயோ' என்கிறார்கள், நம் ஊரில் 'பெரியவர்' என்போமே அந்த மரியாதையில். மார்ச் 12 அவருக்குப் பிறந்தநாள். அன்று சாப்பாடும் பூவும் துணிமணியும் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறார்கள். ஸ்பானியர்கள் வந்த 1519இலேயே, இந்த நாட்டைப் பிடித்த கோர்த்தேஸின் படைத்தலைவன் தியேகோ தே ஒர்தாஸ் அதில் ஏறினான் என்பது வரலாறு. அதற்காக அவன் குடும்பச் சின்னத்தில் எரிமலை வரைந்துகொள்ள அரசர் அனுமதி கொடுத்தாராம். ஒரு மலை ஏறியதற்கு எவ்வளவு பெரிய விளம்பரம் பார்.

என்னைக் கிளப்பிவிட்டவர் எங்கள் கணக்குப் பிரிவுக்காரர். என் வயதுதான். அமைதியான மனிதர், மதியம் டப்பாவைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவார். நாட்டிலேயே உயரமான பிக்கோ தே ஒரிசாபாவுக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் பாதியில் திரும்பியவர். ஒரு முறை காற்று, ஒரு முறை மேகம். மூன்றாம் முறை போகத் துணை தேடிக்கொண்டிருந்தார். அந்த மலை 5,636 மீட்டர். அதற்குப் பழைய பெயர் சித்லால்தெபெத்ல், 'நட்சத்திர மலை'. வட அமெரிக்காவில் அதைவிட உயரமானவை இரண்டே சிகரங்கள்.

இந்த எரிமலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இமயமலைப் படங்களில் வருவதுபோலப் பாறையில் தொங்கும் வித்தை இங்கே இல்லை. கூம்பு ஒன்றைச் செங்குத்தான மணல்மேடாக நினைத்துக்கொள். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும், அதற்குமேல் பனி. ஆகவேதான் எங்களைப்போன்ற தொந்திக்காரர்களும் இதற்குத் துணிகிறோம். கை கால் திறமை தேவையில்லை என்றதும் உடம்பை ஏமாற்றிவிடலாம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. உயரம் ஏமாறுவதில்லை. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் பாதி.

அதற்காக உடம்பைப் பழக்கினோம். பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு இரவு இறங்கி வந்து தூங்க வேண்டும், அதுதான் முறை. முதலில் லா மலிஞ்சே, 4,461 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏறுகிறார்கள், நாய்களும் கூடவே வருகின்றன. என்னை ஒரு பாட்டி முந்திக்கொண்டு போனார்.

பிறகு வெள்ளைப் பெண். அந்த மலையில் இடங்களுக்கெல்லாம் உடம்பின் பெயர்கள்தான். பாதத்தில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி, வயிற்றின்மேல் நடந்து, 5,230 மீட்டரில் மார்பில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு மேட்டிலும் இதுதான் உச்சி என்று ஏறுவாய், அதற்கு அப்பால் இன்னொன்று நிற்கும். 4,700 மீட்டருக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே காலை நீட்டிப் படுத்தபோது தெற்கே போபோ இருட்டில் செம்புகை கக்கியது. கொஞ்சம் கழித்து மறுபடி. பீடி இழுக்கும் கிழவன் மாதிரி. எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த உயரத்தில் தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்றுபோகும், பிறகு திடுக்கென்று இழுக்கும். பக்கத்தில் கணக்கருக்கு மூச்சு நிற்கும்போதெல்லாம் நான் எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

அந்தப் பெண்ணின் மேல் இருந்த அயோலோகோ பனியாறு இப்போது இல்லை. அது இருந்த பாறையில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2021இல் ஒரு பட்டயம் பதித்தார்கள். பனியாற்றுக்கு நடுகல்! ஒரிசாபாவின் ஹமாபா பனியாறும் அந்த வழியில்தான் போகிறது. 1959இல் பனிச்சரிவில் புதைந்துபோன மலையேறிகளின் உடல்கள் 2015இல் வெளியே வந்தன.

இஸ்தாவை முடித்த தைரியத்தில் பத்து நாள் கழித்து ஒரிசாபா கிளம்பினோம். வழியில் பக்கத்து மலையான சியேர்ரா நேக்ராவின் உச்சியில் வெள்ளைத் தட்டு ஒன்று மின்னியது. ஐம்பது மீட்டர் அகலமுள்ள வானொலித் தொலைநோக்கி. 2019இல் வெளியான கருந்துளையின் முதல் படத்துக்கு உழைத்தவற்றில் இதுவும் ஒன்று. அந்த 4,580 மீட்டருக்கு வண்டிப்பாதை போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகும் நடந்து ஏறப் போகிறவனை என்னவென்று சொல்வது? த்லாச்சிசூகா என்ற சிற்றூரில் இறங்கி, எலும்பைக் கழற்றும் பழைய ஜீப்பில் பியேத்ரா கிராந்தே போய்ச் சேர்ந்தோம். 4,260 மீட்டரில் ஒரு கல்வீடு, மரப்பலகைப் படுக்கைகள்.

அன்று மாலையே எனக்குத் தலைவலி. பசியில்லை என்று சூப்பைத் தள்ளி வைத்தேன். வழிகாட்டி, முப்பது வயதுப் பையன், "தலை வலிக்கிறதா?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். அவன் திரும்பியதும் வலி மாத்திரை இரண்டை விழுங்கினேன். இரவு இன்னும் இரண்டு. கணக்கர் ஒரு வருடம் விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தார் முருகேசா. அவருடைய மூன்றாம் முயற்சி என்னால் கெடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. திரும்பிப் போய் ஏறவில்லை என்று சொல்ல வெட்கம், அது மீதிப் பாதி.

இரவு ஒரு மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினோம். வெயில் ஏறினால் பனி இளகும், கல் உருளும். ஆகவேதான் எல்லோரும் நள்ளிரவில் புறப்படுகிறார்கள். 'புதிர்ப்பாதை' என்று சொல்லப்படும் பாறைக்குழப்பத்தைக் கடந்து, பனியாற்றின் அடியில் காலணிக்கு இரும்புப் பற்கள் மாட்டி, மூவரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டோம். காற்றே இல்லை. இலை அசையவில்லை என்று எழுதியிருப்பேன், அசைய அங்கே இலையும் இல்லை. தலைக்குமேல் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. அப்படி ஓர் இரவு கணக்கருக்கு முந்தைய இரண்டு முறையும் வாய்க்கவில்லை.

5,150 மீட்டர் இருக்கும். என் இடது காலின் பற்கள் வலது கால்சட்டையைக் கிழித்தன. மறுபடி தடுக்கினேன். வழிகாட்டி திரும்பி வந்து என் முகத்தில் விளக்கை அடித்துப் பார்த்தான். சரிவு தணிந்த ஓரிடத்தில் கயிற்றைக் கோடாகப் போட்டு, குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னான். சிறுபிள்ளை விளையாட்டு. நான்கு அடிகூட வைக்க முடியவில்லை, கள் குடித்தவன் மாதிரி சாய்ந்தேன். மூளை வீங்கத் தொடங்குவதற்கு அதுதான் அடையாளமாம். அதற்கு மருந்து கீழே இறங்குவது, அதுவும் உடனே. ஒரு கயிறு, ஒரு வழிகாட்டி. ஒருவன் இறங்கினால் மூவரும் இறங்க வேண்டும்.

கணக்கர் ஒன்றும் சொல்லவில்லை. மேலே ஒரு தடவை பார்த்தார். குனிந்து என் கிழிந்த கால்சட்டையைக் காலோடு சேர்த்து நாடாவால் சுற்றிக் கட்டினார், இறங்கும்போது மறுபடி மாட்டக்கூடாது என்று.

எனக்கு அப்போது உன் நினைவு வந்தது. வெள்ளியங்கிரியில் ஐந்தாம் மலையில் நீ மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு "என்னால் ஆகாது, நீ போ" என்று உட்கார்ந்தாயே. நான் போனேன். உன்னைத் தனியாக அந்தக் குளிரில் விட்டுவிட்டுப் போனேன். அதோடு விடாமல், உன் கல்யாணப் பந்தி வரைக்கும் அதைச் சிரிப்புக்கதையாகச் சொன்னேன். முப்பது வருடம் நீயும் கூடவே சிரித்தாய். உனக்கு அன்று உடம்பு என்ன செய்தது என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. என்ன செய்தது? அடுத்த கடிதத்தில் எழுது.

புதிர்ப்பாதைக்கு இறங்குவதற்குள் பொழுது விடிந்தது. மலையின் நிழல் மேற்கே சமவெளியில் முக்கோணமாக விழுந்திருந்தது, அளவுகோல் வைத்து வரைந்ததுபோல. 4,600 மீட்டரில் தலையில் இறுக்கிய துண்டை யாரோ அவிழ்த்துவிட்டது மாதிரி வலி போய்விட்டது. வெட்கமில்லாமல், "இப்போது சரியாகிவிட்டது, திரும்ப ஏறலாமா?" என்று கேட்டேன். வழிகாட்டி பதில் சொல்லவில்லை. மாத்திரை அட்டையை எடுத்து அவனிடம் காட்டினேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கல்வீட்டில் அடுப்பு மூட்டி எனக்கு முதலில் டீ கொடுத்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சூழ்ந்துகொண்டார்கள். ஏறினீர்களா? நான் வாயைத் திறப்பதற்குள், "காற்று" என்றார் கணக்கர். அவ்வளவுதான். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன்.

அடுத்த பிப்ரவரிக்கு அவர் மறுபடி நாள் குறித்திருக்கிறார். வருகிறாயா என்று என்னிடம் கேட்கவில்லை, கல்வீட்டுக்கான பட்டியலில் என் பெயரையும் எழுதிவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்பினார். தலைவலி வந்தால் சொல்வேன் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

காற்றின் வேகம் எவ்வளவு என்று நேற்று உணவுக்கூடத்தில் யாரோ கேட்டார்கள். மணிக்கு எண்பது கிலோமீட்டர் என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். போன வாரம் அறுபதாக இருந்தது.

உன்,
கதிர்

பி.கு.: அந்த எண்ணெயின் பெயரை எழுது. எனக்கும் வலது முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது.