வளைந்த ஸ்க்ரூ

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய போட்டோவை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அம்மா திட்டின பிறகுதான் போனை வைத்தேன். உன் கேட்டலினா 22 பழசானாலும் நல்ல பாய்மரப் படகு. ஆனால் பாய்மரத்தை இடது பக்கம் இழுத்துப் பிடிக்கிற கம்பியின் அடியில் அதை இறுக்க இருக்கிற பாட்டில் ஸ்க்ரூ, உங்கள் ஊரில் டர்ன்பக்கிள் என்பீர்களே, அது கோணலாக நிற்கிறது, கவனித்தாயா?

படகு கிளப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படி ஒன்றைக் கோட்டை விட்டேன். பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தும்போது ஸ்க்ரூ நிமிராமல் தளத்தில் முட்டிக்கொண்டது, நான் பார்க்காமல் "இழு, இழு" என்று கத்திக்கொண்டிருந்தேன். தண்டு ஆணி மாதிரி லேசாக வளைந்தது. தட்டி நிமிர்த்திவிட்டேன். இரண்டு வாரம் தாங்கியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டப் என்று ஒரு சத்தம், மரம் பாயோடு தண்ணீரில். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. சின்ன வயசில் என் டூல் பெட்டியிலிருந்து ஒரு உடைந்த திருகாணியை எடுத்து விளையாடுவாயே, அதுதான் அது. அதனால் உன்னுடையது வளைந்திருந்தால் நிமிர்த்தாதே, புதிது வாங்கி மாட்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வளைத்து நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருக்கும்.

அடுத்த முறை மரத்தைத் தூக்கும் முன்னால் தலைக்கு மேலே பார். மரம் 25 அடி, டிரெய்லர் மேல் நிற்கும் படகில் அது எழுந்தால் உச்சி 30 அடியைத் தாண்டும், அலுமினியம் வேறு. பக்கத்தில் மின்கம்பி போனால் அங்கே தூக்கவே தூக்காதே, வண்டியை நகர்த்து.

மரத்தின் நடுவிலிருந்து முன்பக்கமாக இறங்குகிற கீழ்க்கம்பிகள் இரண்டையும் கழற்றி வை, அவை மாட்டியிருந்தால் மரம் பின்னால் படுக்காது. மற்றவை தளர்வாக மாட்டியே இருக்கட்டும். ஹால்யார்டு, அதாவது பாயை மேலே ஏற்றுகிற கயிறு, அதன் நுனிகளை மரத்தோடு கட்டிவிடு. தாத்தா இருந்தால் ஆஞ்சான் என்பார், தூத்துக்குடித் தோணியில் அதுதான் பேர். நுனி உச்சிக்கு ஓடிவிட்டால் மரத்தை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

மாப்பிள்ளை பின்னால் நின்று தோளில் ஏந்தட்டும், நீ அணியத்தில், படகின் முன்முனையில், மரத்தை இழுக்கிற கயிற்றோடு நில். ஆரம்பத்தில் கிளப்புவதுதான் பாரம், அப்போது நீ முன்னாலிருந்து எவ்வளவு இழுத்தாலும் பிரயோஜனமில்லை, கயிறும் மரமும் ஒரே வாக்கில் படுத்திருப்பதால் உன் பலமெல்லாம் மரத்தின் அடியைத்தான் அழுத்தும். பாதி எழுந்த பிறகுதான் உன் கயிறு தூக்கும். நடுவில் நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கத்து ஸ்க்ரூவும் கம்பியின் வாக்கிலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொள். மரம் நேராக நின்றதும் மாப்பிள்ளை கையை எடுக்கக் கூடாது, நீ மரத்தை அணியத்தோடு பிடிக்கிற முன்கம்பியை மாட்டிப் பின்னைச் செருகி ரிங் போடுகிற வரைக்கும் பின்னால் சாயாமல் பிடித்து நிற்பது அவர்தான்.

ரிங்குக்கு மேலே டேப் சுற்று, கயிறு பட்டுக் கழன்றுவிடும். சரி, அந்த இடது பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் கழற்றி, ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா