பொங்கலுக்கு வா, சேர்ந்து ஓட்டுவோம்

கோத்தகிரி,
நவம்பர் 

அன்பு மகளுக்கு,

டிசம்பர் கடைசியில் நண்பர்கள் மூன்று பேரோடு மவுண்டன் பைக் கொண்டுவருவதாகச் சொன்னாய். எந்தப் பாதை நன்றாக இருக்கும் என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. இரண்டு வாரமாக உன் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில், டிசம்பர் வேண்டாம் கண்ணு. பொங்கலுக்கு வா. நம் பக்கம் மலையின் கிழக்குச் சரிவு, ஐப்பசி கார்த்திகை மழை இங்கேதான் கொட்டும். மார்கழியில் ஒரு புயல் சின்னம் வந்தாலும் நாலு நாளைக்கு மேகம் இறங்கி எதிரே ஆள் தெரியாது. செம்மண் நனைந்தால் டயரின் பற்களுக்குள் அப்பிக்கொண்டு பிடிப்பே இருக்காது. தை பிறந்தால் மண் இறுகியிருக்கும், புழுதியும் கிளம்பாது.

எனக்குப் பிடித்தது அரவேனுவுக்குக் கீழே தேயிலைக்குள் இறங்கும் தடம்தான். இலை மூட்டையைத் தலையில் வைத்து நடந்தவர்களின் கால் பட்டு உண்டானது, அகலம் இரண்டு முழம்கூட இல்லை. சில்வர் ஓக் நிழலில் வளைந்து வளைந்து போகும். நடுவில் மூன்று கொண்டை ஊசி வளைவு, எல்லாம் உருண்டைக் கல். இரண்டாவதில் நான் விழுந்தேன். பயப்படாதே, முழங்கால் சிராய்ப்புதான், ஆறிவிட்டது. வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தது என் தப்பு. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இறக்கத்தில் இடுப்பை சீட்டுக்குப் பின்னால் தள்ளி, பெடல் இரண்டும் சமமாக வைத்து, கண்ணைச் சக்கரத்தில் வைக்காமல் பாதையில் வை. டயரில் காற்றும் அதிகம் வைத்திருந்தேன். 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலிருந்து 28க்குக் குறைத்த பிறகு வேர் மேலும் கல் மேலும் டயர் துள்ளாமல் ஒட்டிப் போனது. உன் டயருக்கு எவ்வளவு என்று பக்கவாட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்துக்கொள்.

எஸ்டேட் மேனேஜரிடம் கேட்டுவிட்டேன், ஞாயிறன்று வரலாம் என்றார். மற்ற நாளில் வரச் சொல்லியிருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பெண்கள் குனிந்து இலை எடுத்துக்கொண்டிருக்கும்போது நாம் மேலேயிருந்து சறுக்கி வருவது சரியில்லை. லாங்வுட் சோலைக்குள் சைக்கிள் வேண்டவே வேண்டாம். 116 ஹெக்டேர்தான், அதை நம்பி எத்தனை ஊருக்குத் தண்ணீர். 2024ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். வனத்துறையிடம் அனுமதி வாங்கி ஒரு காலை நடந்தே பார்ப்போம்.

உன் நண்பர்களுக்கு அந்தக் காலத்து கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819ல் கட்டிய பங்களாவைக் காட்ட வேண்டுமென்றால் கன்னேரிமுக்கு பக்கம்தான், தார் ரோடு. கொடநாடு காட்சிமுனை தூரம், ஆனால் மாயாறு பள்ளத்தாக்கைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு மனசு கேட்காது.

அப்புறம் காட்டுமாடு. சாயங்காலம் நாலு மணிக்குள் தேயிலையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். நீ பள்ளிக்கூடம் படித்தபோது இருந்ததைவிட இப்போது வீட்டு வாசல் வரை வருகிறது. பாதையில் நின்றால் மணி அடிக்காதே, கத்தாதே. இறங்கி, சைக்கிளை உனக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்து, அது போகும்வரை காத்திரு. கரடியும் உண்டு, அதனால் தனியாக யாரும் முன்னால் போகக் கூடாது.

பத்தாம் வகுப்பில் இதே தடத்தில் ஓட்டப் போகிறேன் என்று நீ அழுதாய். நான் சைக்கிளைப் பூட்டி வைத்தேன். பயத்தில் செய்தது அது. என்னிடம் உனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லாததால் பூட்டினேன் என்று இந்த இரண்டு வாரத்தில்தான் தெரிந்தது.

உன் பழைய சைக்கிளுக்கு பிரேக் பேடும் செயினும் புதிதாக மாற்றிவிட்டேன். ஹெல்மெட் மட்டும் என் தலைக்கு ஒன்று வாங்கி வா, 58 சென்டிமீட்டர். அம்மா அளந்து சொன்னாள்.

அன்புடன்,
அப்பா