தறியைத் தின்னும் வண்டுக்குத் தரையில் கறையான் மருந்து

முகாமையாளர் அவர்கட்கு,

விடயம்: மருதமுனையில் உள்ள எமது தறிக்கொட்டிலில் பூச்சி இன்னதென்று பாராமல் மருந்து போட்டமை, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டல்

மூன்று தடவை தொலைபேசியில் சொல்லியும் ஒன்றும் ஆகாததால் எழுத்தில் தருகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். "சுருக்கமாச் சொல்லுங்க" என்று உங்கள் காரியாலயத்தில் சொன்னதால் அன்று நான் சுருக்கமாகச் சொன்னேன். அதன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

எங்கள் கொட்டில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. நீளம் 24 அடி, அகலம் 14 அடி. கல்லுச் சுவர், சீமெந்துத் தரை, பனஞ்சலாகைக்கு மேல் ஓடு. உள்ளே மூன்று தறி. ஒன்று வாப்பா காலத்துத் தறி, முதிரை மரம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து போன பிறகு அடுத்த வளவு மதிலில் சாய்ந்து கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தோம். உப்பைக் கழுவிக் காயவைத்தோம், இன்றைக்கும் சாறன் நெய்கிறது. மற்ற இரண்டும் இரண்டு வருடத்துக்கு முன் செய்வித்தவை, இறப்பர் மரம். மலிவு என்று வாங்கியது என் பிழைதான், அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

பெப்ரவரி மாதம் அந்த இரண்டு புதுத் தறிகளின் கீழும் காலையில் வெள்ளைத் தூள் கிடக்கத் தொடங்கியது. தும்புத்தடியால் கூட்டிவிட்டால் மறுநாளும் அதே இடத்தில் அதே அளவு. தறிக்காலில் பார்த்தால் குண்டூசித் தலையளவு ஓட்டைகள். உங்களுக்கு எடுத்தபோது நான் சொன்ன வார்த்தை இதுதான்: "மரம் உளுக்குது, தூள் கொட்டுது." எதிர்ப்பக்கத்தில், "கறையான்தான், ஐந்து வருட உத்தரவாதத்தோட செய்து தாறம்" என்றார்கள். தூள் எப்படி, ஓட்டை எப்படி, மண்புற்று உண்டா என்று ஒரு கேள்வியும் வரவில்லை.

மார்ச் 4ஆம் திகதி இரண்டு பொடியன்கள் துறப்பணத்தோடு வந்தார்கள். சுவரோரமாக ஒரு அடிக்கு ஒரு ஓட்டை போட்டார்கள், பால் போன்ற ஒரு மருந்தை ஊற்றினார்கள், வெள்ளைச் சீமெந்தால் அடைத்தார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. 46,500 ரூபா கட்டினேன். பொடியன்கள் மரியாதையான பிள்ளைகள், அவர்களில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தறிப்பக்கம் ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தூள் கொட்டுவது தறியில், மருந்து போனது தரைக்குள்.

மூன்று கிழமை கழித்தும் தூள் நிற்கவில்லை. கேட்டதற்கு, மருந்து வேலை செய்ய ஒரு மாதம் எடுக்கும் என்றீர்கள். சரி என்று பொறுத்தேன். ஒரு மாதமும் போனது. இரண்டாம் தடவை வந்தவர் தறிக்கு மேலால் எதையோ விசிறிவிட்டுப் போனார். தறியில் பாவு நூல் ஏற்றி வைத்திருக்கிறேன், துணியால் மூடிவிட்டு வருகிறேன் என்று நான் சொல்லி முடிக்க முதல் அடித்துவிட்டார். நூல் முழுக்க மஞ்சள் திட்டு. பெருநாளுக்குச் சொல்லிவைத்த 12 சாறன் அப்படியே போனது.

அதற்குப் பிறகுதான் பாண்டிருப்பிலிருந்து மரவேலை செய்யும் வயதான ஓடாவி ஐயா ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் செய்ததை விபரமாக எழுதுகிறேன், உங்கள் ஆட்களுக்கும் உதவும். முதலில் தூளை விரலில் எடுத்துத் தேய்த்தார். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழுக்கியது. "மரத்துக்குள்ளயே இருக்கிற கறையான் எண்டா இப்பிடி இராது பிள்ள, கசகசா மாதிரிக் குறுணி குறுணியா விழும். மண்கறையான் எண்டா சுவரில மண்ணால வழி கட்டிக்கொண்டு வரும். இது மரத்தோட வந்த சீவன்" என்றார். ரோர்ச் அடித்து நான்கு சுவரையும் பார்த்தோம். ஒரு விரல் நீளத்துக்குக்கூட மண் வழி இல்லை. வாப்பாவின் தறி, பனஞ்சலாகை, கதவு நிலை எதிலும் ஓட்டை இல்லை.

பிறகு, இருந்த ஓட்டைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். பழைய தூளைத் துடைத்துவிட்டுத் தறிக்குக் கீழே ஒரு கறுப்புத் துணி விரித்தார். நாலு நாள் கழித்துப் பார்த்தால் வட்டம் இல்லாத புது ஓட்டை ஏழு. கறுப்புத் துணியில் செத்துக் கிடந்தது ஒரு வண்டு. செம்பழுப்பு நிறம், ஒல்லி உடம்பு, அரை அரிசி நீளம். இன்னும் அதை ஒரு போத்தலில் வைத்திருக்கிறேன்.

அவர் சொன்ன காரணம் எனக்கு உடனே விளங்கியது. இந்த வண்டு மரத்தின் வைரத்தை, அதாவது கடினமான உள்பகுதியை, தொடாது. மாப்பொருள் உள்ள வெள்ளைப் பகுதிதான் அதற்குச் சாப்பாடு. இறப்பர் மரம் முழுவதுமே வெள்ளைதான், அறுத்த கையோடு மருந்தில் ஊறப்போடாவிட்டால் தப்பாது. வண்டு முட்டையிடுவது பூச்சில்லாத மரத்தின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில். புழு மாதக்கணக்கில் உள்ளேயே தின்றுகொண்டு கிடக்கும். வெளியே வரும்போதுதான் நாம் காணும் ஓட்டை விழும். அப்படியென்றால் தரைக்குள் ஊற்றிய மருந்து அதற்கு என்ன செய்யும்? மேலால் விசிறியதும் உள்ளே இருக்கும் புழுவுக்கு எட்டாது.

இதையெல்லாம் மே மாதம் உங்கள் மேற்பார்வையாளரிடம் சொன்னபோது அவர் தந்த பதில்: "அது வண்டுதான் மிஸ், எங்கட உத்தரவாதம் கறையானுக்கு மட்டும்." மே மாதத்தில் வண்டு என்று தெரிந்தவருக்கு மார்ச்சில் ஏன் தெரியவில்லை? கறையானே இல்லாத கட்டடத்துக்கு ஐந்து வருடம் கறையான் வராது என்று உத்தரவாதம் தருவது சுலபம்தான். உம்மா அதைக் கேட்டுச் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணத்தை விட எனக்குக் கவலை கிணறுதான். கொட்டில் சுவரிலிருந்து கிணற்றுக்கு 9 அடி. எங்கள் ஊர் மண் மணல், தண்ணீர் ஆழத்தில் இல்லை. மேலே ஊற்றுவது கீழே போக நாள் எடுக்காது. மருந்து போட முதல் "கிணறு எங்க இருக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பற்றுச்சீட்டில் "கறையான் மருந்து" என்று மட்டும் இருக்கிறது, பெயரும் இல்லை, எவ்வளவு ஊற்றியது என்றும் இல்லை. அன்றிலிருந்து குடிக்கத் தண்ணீர் பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து எடுக்கிறோம்.

தறிகளைப் பொறுத்தவரை உங்களிடம் இனி ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. கூடுதலாக உளுத்த கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் கழற்றி எரித்துவிட்டு வேப்ப மரத்தில் புதிதாகப் போட்டோம், அதுவும் வைரமாகப் பார்த்து எடுத்தது. மிச்சத்தைச் சீவி, வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை மரம் குடிக்கும் மட்டும் இரண்டு தடவை பூசினோம். நன்றாகக் காய்ந்த பிறகு வார்னிஷ். இதற்கு முடிந்தது உங்களுக்குக் கட்டியதில் கால்வாசிதான். ஜூன் கடைசியிலிருந்து கறுப்புத் துணி சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் ஒரு வருடத்துக்குப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார் ஓடாவி ஐயா.

நான் கேட்பது இவ்வளவுதான். 46,500 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். கெட்டுப்போன பாவுக்கு நூல் விலையும் கூலியுமாக 19,200 ரூபா தாருங்கள், கணக்கு இத்துடன் இருக்கிறது. ஊற்றிய மருந்தின் பெயரையும் அளவையும் உங்கள் கடிதத் தலைப்பில் எழுதி ஒப்பமிட்டு அனுப்புங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கும் செலவு உங்களுடையது. இதில் மருந்தின் பெயரை மட்டும் இந்தக் கிழமைக்குள்ளேயே தாருங்கள், அதற்குத் தவணை தர மாட்டேன்.

மற்றவற்றுக்கு 14 நாள். அதற்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். அவர்களுடைய 1977 இலக்கத்தைக் கைபேசியில் பதிந்துவிட்டேன். மருந்து விடயத்தைப் பீடைகொல்லிகள் பதிவாளருக்கும் எழுதுவேன்.

இப்படிக்கு,
மருதமுனையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, உத்தரவாத அட்டையின் பிரதி, பென்சில் வட்டம் போட்ட தறிக்காலின் படங்கள் மூன்று, சாறன் கணக்கு, சிறிய பொலித்தீன் பையில் கொஞ்சம் தூள். பையைத் திறக்க முதல் மேசை விசிறியை நிறுத்திவிடுங்கள், பறந்துவிடும்.