ஒற்றைச் செருப்பும் ஒரு மாஷிமாவும்

ஹவுரா,
புரட்டாசி 12

அன்புள்ள கமலா,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்குப் புரட்டாசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள். காலண்டர் வந்தது. பருப்புப்பொடி வந்தது, தீர்ந்தும் போயிற்று. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியம்மாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"நம்ம லாஞ்ச் இன்னும் ஓடுதா?" என்று கேட்டிருந்தாய். ஹூக்ளி ஆற்றில் கரைக்குக் கரை ஆளேற்றிக்கொண்டு அந்தப் படகு இன்னும் ஓடுகிறது. நான்தான் ஏறுவதில்லை. ஐந்து மாதமாக உனக்கு எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம். பொய் எழுதப் பிடிக்கவில்லை, நிஜத்தை எழுதினால் நீ சிரிப்பாய்.

2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓட ஆரம்பித்ததை டிவியில் பார்த்திருப்பாய். ஹவுராவில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே மகாகரண். மேலே வந்தால் லால்திகி, நாலு எட்டு வைத்தால் ஆபீஸ். ஆற்றுக்குக் கீழே இருக்கிற சுரங்கம் 520 மீட்டர், 45 விநாடியில் தாண்டிவிடுகிறது. முதல் மாதம் சுவரில் நீல விளக்கு வந்ததும் பெட்டி முழுக்க மொபைலைத் தூக்கினார்கள். படத்தில் என்ன விழும்? சுவர்தான். இப்போது யாரும் தலை நிமிர்வதில்லை. ஹூக்ளியைத் தாண்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கையைப் பார்க்கிறேன். லாஞ்ச்சில் தின்கிற ஜால்முரிப் பொரியின் எண்ணெய் ஒட்டியிருக்காது.

உனக்கென்றே கட்டினது போல இருக்கிறது இந்த ரயில். ஹவுரா பாலத்தில் நட்டு, போல்ட்டே கிடையாது, 26,500 டன் இரும்பும் ரிவெட்டில்தான் நிற்கிறது என்று தலையாட்டி சார் பெருமையாகச் சொன்ன நாளிலிருந்து நீ பாலத்தில் நடக்க மாட்டேன் என்றாய். சரி, லாஞ்ச்சில் வாடி என்றால் தண்ணீரைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா". பக்கத்தில் இருக்கிறவர்கள் நமக்கு இடம் விட்டுக் கொடுத்ததே அதைப் பார்த்து பயந்துதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் முழங்கால் டாக்டரைப் பார்க்க மதியமே கிளம்பினேன். காலையில் மெட்ரோவில்தான் வந்திருந்தேன். நல்ல வெயில், கையில் நேரம் இருந்தது, போகும்போதாவது லாஞ்ச்சில் போவோமே என்று ஒரு நப்பாசை. ஸ்ட்ராண்ட் ரோட்டைத் தாண்டி, சக்ர ரயில் போகிறவரை தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று, ஃபேர்லி காட் படித்துறைக்குப் போனால் ஜெட்டி வாசல் சாத்தியிருக்கிறது. லாஞ்ச் எல்லாம் நடு ஆற்றில் போய் நிற்கின்றன. பான் வருகிற நாள், கடல் ஏற்றத்தில் ஆற்றை எதிர்த்து ஏறி வருமே அந்த அலை!

அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு யார் நிற்கிறார் என்கிறாய்? நம் தலையாட்டி சார். ரிடையராகிப் பதினைந்து வருஷம் ஆகியும் லாஞ்ச்சில்தான் வருகிறாராம், போகிறாராம். பார்த்த மாத்திரத்தில் பாடம் ஆரம்பித்துவிட்டார். 1854இல் அந்தக் கரையில் ரயில் ஓட ஆரம்பித்தபோது டிக்கெட்டை இந்தக் கரையில், ஆர்மேனியன் காட் படித்துறையில்தான் விற்றார்களாம். படகுச் சத்தமும் ரயில் டிக்கெட்டிலேயே அடக்கம். அப்புறம் 1874இல் மிதவைப் பாலம். கப்பல் போக அதன் நடுவைத் திறந்துவிடுவார்கள், அப்போதெல்லாம் ஜனம் படகுத்துறைக்குத்தான் ஓடும். 1943இல் இந்தப் பெரிய பாலமும் வந்தது, லாஞ்ச் போயிற்றா என்று கேட்டுத் தலையை ஆட்டினார். "நீ எதிலே வருகிறாய்?" என்றார். "தினமும் லாஞ்ச்தான் சார்" என்று வாய் கூசாமல் சொன்னேன். நல்லவேளையாக அதே நேரம் படித்துறைப் பக்கம் "பான் ஆஷ்சே, பான் ஆஷ்சே" என்று கத்தினார்கள்.

நீ இருந்த வருஷங்களில் நாம் அதைப் பார்த்ததே இல்லை. தெற்கே, கரையை ஒட்டி, வேட்டிக் கரை போல ஒரு வெள்ளைக் கோடு. நடு ஆற்றில் அலை உடைவதில்லை, வெறுமனே ஒரு வீக்கம்தான். லாஞ்ச்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது அதனால்தான். ஆனால் கரையில், அம்மாடி! குளித்துக்கொண்டிருந்தவர்கள் துணியை வாரிக்கொண்டு மேலே ஓட, ஒவ்வொரு படியாகத் தண்ணீர் ஏறி வருகிறது. ஜெட்டி மிதவையின் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு முனகின. நான் வந்தபோது ஏணி மாதிரி இறங்கிக் கிடந்த நடைபாலம், மிதவை உயர உயர மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆறு பின்பக்கமாக ஓடுகிறது, கமலா. ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று பாலத்தை நோக்கி வடக்கே போய்க்கொண்டிருந்தது.

அரைமணி கழித்து வாசலைத் திறந்தார்கள். காத்திருந்த கூட்டம் மொத்தமும் ஒரே லாஞ்ச்சுக்குப் பாய்ந்தது. லாஞ்ச்சில் வேலை செய்கிற கலாசி கயிற்றை இரும்புக் குற்றியில் ஒரு சுற்றுதான் சுற்றினான். உனக்குத்தான் தெரியுமே, அவர்கள் முழுசாகக் கட்டுவதில்லை. மிதவை மேலே போகும்போது லாஞ்ச் கீழே போகிறது. நடுவில் டயர்கள் தேய்கிற அந்த ஒரு சாண் இடைவெளி. வருஷக்கணக்காக நான் குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டிய இடைவெளி. அன்றைக்குப் பார்த்தேன். பார்த்தவுடன் முழங்கால் மடங்கிவிட்டது. ஒரு கால் லாஞ்ச்சில், ஒரு கால் மிதவையில், பை தண்ணீருக்கு மேலே தொங்குகிறது. கலாசி கயிற்றை விடாமல் மற்றக் கையால் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டான். "ஆஸ்தே மாஷிமா, ஆஸ்தே" என்றான்.

மாஷிமா! பெரியம்மாவாம்! தீதி இல்லை, அக்கா இல்லை. இருபது வயசுப் பையன், மரியாதையாகத்தான் சொன்னான். லாஞ்ச்சில் ஒருவர் எழுந்து இடமும் கொடுத்தார். உட்கார்ந்து பார்த்தால் கை நடுங்குகிறது. அந்தக் கரை வரைக்கும் நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. "முருகா" சொன்னேனா என்று கேட்காதே.

இதை ஆபீஸிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கேட்டால் மெட்ரோ சீக்கிரம் போகிறது, ஏசி இருக்கிறது என்கிறேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பான் வந்த அந்த நாளுக்கு முன்னாலேயே, ஆறு மாதமாக, வற்றத்தில் நடைபாலம் செங்குத்தாக இறங்கினால் எனக்குப் பயமாக இருந்தது. மெட்ரோ வந்ததால் லாஞ்ச்சை விட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மெட்ரோ இல்லாவிட்டால் வேலையையே விட்டிருப்பேன். உன் பயத்தை இத்தனை வருஷம் கேலி செய்தவள் நான், அதனால்தான் முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

உன் பிள்ளைக்கு ஆற்றடி ரயிலைப் பார்க்க வேண்டும் என்றாயே, மார்கழியில் கூட்டிக்கொண்டு வா. பான் பயம் அப்போது அவ்வளவு இருக்காது. போகும்போது மூன்று பேரும் மெட்ரோ. திரும்பும்போது லாஞ்ச். நீ அனுப்பிய காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பார்த்து, ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகிற கணக்கையும் போட்டு, நடைபாலம் மட்டமாக இருக்கிற நேரத்தைக் கண்டுபிடித்து வைக்கிறேன். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாங்கி வைக்கிறேன். அந்த இடைவெளியில் மட்டும் நீ என் கையைப் பிடித்துக்கொள். முன்னே நீ அங்கே தடுமாறி ஒற்றைச் செருப்பை ஆற்றில் விட்டாயே, அன்றைக்கு நான் உன்னைப் பிடித்தேனா, கலாசி பிடித்தானா என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

வார் வைத்த செருப்பாகப் போட்டுக்கொண்டு வாடி. உன் பழைய ஒற்றைச் செருப்பு இந்நேரம் ஆறு கடலில் சேர்கிற கங்காசாகருக்கே போய்ச் சேர்ந்திருக்கும். இல்லை, பானோடு திரும்பி வந்தாலும் வரும்.

அன்புடன்,
உன் மாஷிமா

பி.கு.: தலையாட்டி சாரிடம் நான் மெட்ரோவில் போவதை உளறிவிடாதே. அடுத்த வருஷக் காலண்டரையும் கையோடு கொண்டு வந்துவிடு, தபாலில் போட்டால் மூலை மடங்கிவிடுகிறது.