ஜனாதிபதிக்குக் கடிதம்: 21 ஞாயிறு கட்டாயம் வாங்க

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

காசா போரை நிறுத்தக் கேட்டு ஜனாதிபதிக்கு எழுதுவம் எண்டு பொங்கலண்டு கதைச்சமே, அதுக்கு நாள் குறிச்சாச்சு.

2024 ஜனவரி 21, ஞாயிறு, பின்னேரம் 4 மணி. நம்மட வாசிகசாலை மண்டபம்.

போன டிசம்பர் 12இல் ஐ.நா. பொதுச்சபையில் 153 நாடுகள் போர்நிறுத்தம் கேட்டு வாக்களித்தன, இலங்கையும் சேர்த்து. இப்ப, காசாப் போரைக் காரணம் காட்டி யேமன் ஹூதிகள் கப்பல்களைத் தாக்குற செங்கடலுக்கு, நம்மட கடற்படைக் கப்பல் அனுப்பப் போறாங்களாம். இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவாகும் எண்டு ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவே சொன்னார். மருந்துக்கும் அரிசிக்கும் நாம வரிசையில நிண்டது மறக்கேல்ல.

1. கடிதம் உங்கட கையெழுத்திலேயே இருக்கட்டும். அச்சடிச்ச ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்பினா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க.
2. கேட்க வேண்டியது இரண்டு: கப்பல் போகக்கூடாது, நிரந்தரப் போர்நிறுத்தத்துக்கு அரசு உரத்துக் குரல் கொடுக்க வேணும்.
3. உங்கட கதையில ஒரு துண்டு எழுதுங்க. 1990இல் குப்பி விளக்கோட பங்கருக்குள்ள இருந்தது, செல் சத்தம் கேட்டதும் உம்மா தலையில கைய வச்சு அமத்தினது. அந்தக் கைச்சூடு காசாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.
4. யாரையும் ஏசி, மதத்தை இழுத்து எழுத வேணாம்.
5. பேனை, கடித உறை கொண்டு வாங்க. திங்கள் காலை எல்லாம் ஒண்டாகப் பதிவுத் தபாலில் போகும். முகவரி: ஜனாதிபதி செயலகம், கொழும்பு 01.

காத்தான்குடி, ஆரையம்பதி ஆக்கள் சேர்ந்து ஒரு வேனில வரலாம்.

வாறவங்க வெள்ளி இரவுக்குள்ள பேரைப் போடுங்க. வெளிநாட்டில இருக்கிறவங்க எழுதி, படம் எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்க, அச்செடுத்துச் சேர்க்கிறன்.