முதல் ஹைபிரிட் சைக்கிள் வாங்க வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நாற்பதைத் தாண்டி முதன்முதலாக ஹைபிரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட ரகம்) வாங்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது, "எத்தனை கியர்? முன்னாடி சஸ்பென்ஷன் இருக்கா?" சீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூன்று மாதம் கழித்து "முட்டி வலிக்குது, திருப்பி எடுத்துக்குவீங்களா" என்று வரும் வண்டிகளில் முக்கால்வாசிக்குக் கோளாறு சீட்டில்தான்.

சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று எல்லாரும் விரும்புகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த உயரத்தில் கால் நீளவே இடமிருக்காது. பாரம் முழுக்க மடங்கிய முட்டியில் விழும். வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடிமட்டத்துக்கு வரும்போது கால் நேராக நீண்டால் அதுதான் உங்கள் உயரம். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி தானாகவே கொஞ்சம் மடங்கி நிற்கும். வண்டியை நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். உடனே வராது. அதனால் தாழ்வாகவே தொடங்கி, வாரத்துக்கு ஒரு விரற்கடை உயர்த்துங்கள்.

சீட் கம்பியில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அதற்கு மேல் இழுத்தால்தான் கால் நீளும் என்றால் ஃபிரேம் உங்களுக்குச் சின்னது. முன்பு ஒருமுறை, ஸ்டாக்கில் இருந்தது அது ஒன்றுதான் என்று, உயரமான ஒருவருக்குச் சின்ன ஃபிரேமைக் கொடுத்துவிட்டோம், தப்பு எங்களுடையது. இப்போது காலை அளக்காமல் யாருக்கும் விற்பதில்லை. நீங்களே அளந்து வரலாம்: வெறுங்காலில் சுவரோடு நின்று, கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடையிடுக்கில் இறுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கியருக்கு வருவோம். சென்னையில் நமக்கு மலை என்றால் மேம்பாலம்தான். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் எட்டோ ஒன்பதோ இருந்தால் போதும். 21 கியர் வண்டி வாங்கியவர்களில் பலர் முன் கியரைத் தொட்டதே இல்லை. தொடக்க விலை வண்டிகளின் சஸ்பென்ஷனும் அப்படித்தான்: எடையைக் கூட்டும், நீங்கள் அழுத்தி மிதிக்கும் விசையில் கொஞ்சத்தைத் தின்னும். குண்டுகுழியைத் தாங்க சக்கர அளவு 700, அகலம் 38 அல்லது 40 மி.மீ. என்றிருக்கும் டயரும், அளவான காற்றும் போதும். எவ்வளவு காற்று என்பது டயர் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும்.

வால்வையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பைக் டியூபில் இருக்கிற மாதிரி தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்று பிடிக்கலாம். மெல்லிய ஊசி மாதிரி இருந்தால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆரில் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

சின்ன வயதில் குரங்குப் பெடல்கூடப் போட்டதில்லையே என்று கூச்சப்படுகிறவர்கள் இரண்டு பெடலையும் கழற்றச் சொல்லுங்கள். சீட்டைத் தாழ்த்தி, காலால் தரையை உந்தி உந்திப் போனால் பேலன்ஸ் பிடிபட்டுவிடும். பெடலை அதன்பிறகு மாட்டிக்கொள்ளலாம். நீங்களே கழற்றுவதானால் கவனம்: இடது பெடலுக்கு மரை தலைகீழ். தெரியாமல் திருகி மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. மிச்சமாவதை அடுத்த மாடலுக்குத் தாவச் செலவழிக்காமல் ஹெல்மெட், பின் விளக்கு, நல்ல பூட்டு என்று போடுங்கள்.

வரும்போது ஓட்டப்போகிற செருப்பையோ ஷூவையோ போட்டு வாருங்கள். காலையில் வந்தால் தெரு காலியாக இருக்கும். இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் சைக்கிள் கடைக்காரர்